கதையில் இல்லாத வியர்வை

அன்புள்ள அண்ணாவுக்கு,

இந்தக் கடிதத்தில் எல்லாவற்றையும் நடந்தது நடந்தபடியே எழுதுவேன், கூட்டவும் மாட்டேன் குறைக்கவும் மாட்டேன் என்று அம்மாவிடம் சத்தியம் செய்துவிட்டுத்தான் பேனாவைத் திறந்திருக்கிறேன். எப்போதும்போல இது அப்பா உனக்கு எழுதும் கடிதம்தான். அப்பா கட்டிலில் தலையணையைச் சாய்த்து வைத்து உட்கார்ந்து சொல்கிறார், நான் மேசையைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு எழுதுகிறேன். ஆனால் இந்தத் தடவை அப்பா சொல்லாமல் விடுவதையும் சேர்த்து எழுத எனக்கு உத்தரவு இருக்கிறது. அதனால் 'நான்' என்று வரும் இடத்திலெல்லாம் உன் தங்கை என்று எடுத்துக்கொள், அப்பா சொல்வதை அப்பா சொன்னதாகவே போட்டுவிடுகிறேன்.

அப்பா சொன்ன முதல் வரி: இங்கு நாங்கள் மூவரும் நலமாக இருக்கிறோம், தண்ணீருக்கு நடுவில் நீயும் உன் கப்பலும் அதேபோல நலமாக இருக்க வேண்டும். இது உண்மை, எழுதிவிட்டேன். இரண்டாவது வரி: நடுவில் எனக்குக் கொஞ்சம் வாயுத் தொல்லை இருந்தது, இப்போது தேவலை. இங்கே பேனா நின்றுவிட்டது. ஏன் நிறுத்தினாய் என்று அப்பா கேட்டார். அது வாயு இல்லையே அப்பா என்றேன். "அவன் நடுக்கடல்ல இருக்கான் டீச்சரம்மா. நெஞ்சுன்னு எழுதினா நீந்தியா வரப்போறான்" என்றார், இப்போதெல்லாம் என்னை டீச்சரம்மா என்றுதான் கூப்பிடுகிறார். அடுக்களையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது, "வாயுன்னு ஒரு எழுத்து இருந்தாலும் நான் வந்து காகிதத்தைக் கிழிச்சிடுவேன்." அப்பா என்னைப் பார்த்தார், பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, எழுது, எதையோ எழுது என்று கையை ஆட்டினார்.

அண்ணா, போன மாதம் அப்பாவுக்கு மாரடைப்பு வந்தது. இதைப் படித்ததும் உட்கார்ந்துகொள். அடைப்பை எடுத்துவிட்டு ரத்தக்குழாயில் சின்னதாக ஒரு ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். இப்போது அப்பா குளிக்கிறார், பத்திரிகை படிக்கிறார், மாத்திரையைப் பற்றிக் குறை சொல்கிறார், மூன்று மாடியும் இறங்கி ஏறுகிறார், ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்றுதான். லிஃப்ட் மெக்கானிக் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் இல்லை என்பது ஒரு காலத்தில் நமக்குச் சிரிப்பாக இருந்தது, இப்போது யாரும் சிரிப்பதில்லை. நீ துறைமுகத்திலிருந்து போன் செய்தபோது அப்பாவின் குரல் ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டாய், இருமல் என்று சொன்னோம். அது பொய். அப்பா சொல்லச் சொன்னார், நான் சொன்னேன், அம்மா ட்யூட்டியில் இருந்தாள். ட்யூட்டி முடிந்து வந்து கேட்டவுடன் அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. அதனால்தான் இந்தக் கடிதம். நோய் வந்ததை மட்டும் எழுதினால் போதாது, அன்றைக்கு வீட்டில் என்ன நடந்தது என்பதும் உனக்குத் தெரிய வேண்டும் என்று சொல்லிவிட்டாள். அதுதான் எழுதக் கஷ்டமாக இருக்கிறது.

அம்மா பாராமெடிக் பள்ளியில் சேர்ந்தது நீ கப்பலேறிய பிறகுதான், ஆகவே இந்த வீடு எப்படி மாறிப்போனது என்று உனக்குத் தெரியாது. ஆம்புலன்ஸின் பின்பக்கத்தில் நோயாளியோடு உட்கார்ந்து போகிற உதவியாளர் வேலையை அம்மா விடவில்லை. ஷிஃப்ட் முடிந்ததும் அதே யூனிஃபார்மோடு வகுப்புக்குப் போவாள், வகுப்பு முடிந்து வந்து படுப்பாள், எழுந்து மறுபடி ஷிஃப்டுக்கு ஓடுவாள். பஸ்ஸில் தூங்கிப்போய் டிப்போ வரைக்கும் போய்த் திரும்பியிருக்கிறாள். சாப்பிடும்போது கையில் கவளத்தோடு தூங்கியதை நானே பார்த்திருக்கிறேன், அப்பா மெதுவாக அந்தக் கையைப் பிடித்துத் தட்டில் வைத்தார். எந்த நேரமாக இருந்தாலும் அம்மா படுத்துவிட்டால் நம் வீட்டில் அதுதான் ராத்திரி. திரைச்சீலையை இழுத்துவிட்டு எல்லா விளக்கையும் அணைத்துவிடுவோம், நான் ஜன்னலோரம் இருக்கும் வெளிச்சத்தில் வீட்டுப்பாடம் எழுதுவேன். இப்படிக் கஷ்டப்படுவானேன், வேலைதான் இருக்கிறதே என்று பக்கத்து வீட்டு அக்கா ஒரு நாள் கேட்டதற்கு அம்மா சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. "வண்டியில என் கண்ணு முன்னாடி ஒருத்தர் தவிக்கிறப்ப, ஊசி பெட்டியில இருக்கு, போட எனக்கு அனுமதி இல்ல. கையக் கட்டிக்கிட்டு உட்கார்ந்து வர்றது ரொம்பக் கொடுமைங்க."

பரீட்சைக்குப் பழகுவதற்கு வேறு நேரமும் இல்லை, ஆளும் இல்லை, ஆகவே நாங்கள் இருவரும் ஆள் ஆனோம். அப்பா நோயாளி. நான் பரிசோதகர். பள்ளியில் கொடுத்த பயிற்சிப் புத்தகத்தில் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு நோயாளியின் நிலைமை இருக்கும், அதற்கு நம் வீட்டில் கதை என்று பெயர். அப்பா கூடத்துத் தரையில் போர்வையை விரித்துப் படுத்துக்கொள்வார், நான் கதையை வாசிப்பேன், அம்மா வாசலில் இருந்து பையோடு உள்ளே வருவதுபோல வந்து ஒவ்வொன்றையும் வாயால் சொல்லிக்கொண்டே செய்வாள். இதில் ஒரு விஷயத்தை நீ நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் எழுதப் போவது விளங்காது. பரீட்சையில் நோயாளியாகப் படுத்திருப்பவருக்கு உண்மையில் ஒன்றும் கிடையாது, அவர் நடிப்பவர். அதனால் அவர் கையைப் பிடித்தபடி நாடி எப்படி என்று பரிசோதகரைத்தான் கேட்க வேண்டும், பரிசோதகர் தாளைப் பார்த்துச் சொல்வார். தாள் சொல்வதுதான் உண்மை. விரலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பது கணக்கிலேயே கிடையாது. அம்மாவுக்கு முதலில் இது பிடிபடவில்லை. வண்டியில் பழகிய கையாதலால் அப்பாவின் நாடியைப் பார்த்து அதையே சொல்லிவிடுவாள், தப்பு அம்மா, புத்தகத்தில் வேறு இருக்கிறது என்று நான் திருத்துவேன். திருத்தித் திருத்திப் பழக்கினேன். கடைசியில் அம்மா அதில் தேறிவிட்டாள்.

அப்பாவோ ஒரே ஒரு விஷயத்தில் தேறவில்லை. அவருக்குக் கொடுத்த நோய் போதாது. குளவி கொட்டிய கதையில் செத்தே போய்விட்டார். கை சுட்டுக்கொண்ட கதையில், என் மகனைக் கடைசியாக ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று உன் பெயரைச் சொல்லி அழுதார், அம்மா சிரித்துச் சிரித்துப் புத்தகப்படி எதையும் செய்ய முடியவில்லை. விழுந்து முழங்கை உடைந்த கதையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உருண்டார். அன்றைக்குத்தான் அம்மாவுக்குக் கோபம் வந்தது. "கதையில இல்லாததச் செய்யாதீங்க. எனக்கு இருக்கிறதே இந்த அரைமணி நேரம்" என்றாள். அப்பா மன்னிப்புக் கேட்டுவிட்டு அதற்குப் பிறகு ஒழுங்காகத்தான் இருந்தார். இதை எழுதும்போது அப்பா குறுக்கே பேசுகிறார், அந்தக் குளவிக் கதையில் அவர் செத்தது நன்றாகத்தான் இருந்தது என்று சேர்த்துக்கொள்ள வேண்டுமாம். சேர்த்துவிட்டேன்.

இனி அன்றைக்கு நடந்தது. அம்மாவுக்குப் பதிலாக வர வேண்டிய ஆள் வரவில்லை, ஆகையால் ஒரு ஷிஃப்டுக்கு மேல் இன்னொரு ஷிஃப்டும் பார்த்துவிட்டு, அப்படியே வகுப்புக்கும் போய்விட்டு, மதியம் சாய்ந்த பிறகு வீட்டுக்கு வந்தாள். கண் இரண்டும் சிவந்திருந்தன. செருப்பைக் கழற்றாமல் வாசற்படியிலேயே கொஞ்ச நேரம் நின்றாள், ஏன் நின்றோம் என்று அவளுக்கே தெரியவில்லை என்று நினைக்கிறேன். அப்பா அன்று வேலையிலிருந்து சீக்கிரம் வந்திருந்தார், ஒரு பெரிய கட்டடத்தில் லிஃப்டின் கம்பி வடத்தை மாற்றிவிட்டுத் தோள் பிடித்துக்கொண்டது என்று சொல்லித் தேய்த்துக்கொண்டிருந்தார். பரீட்சை அந்த வாரக் கடைசியில். தூங்கு அம்மா என்று நான் சொன்னேன். "ஒரே ஒரு கதை. கணுக்கால். அது மட்டும் கை வரமாட்டேங்குது" என்றாள். அப்பா உடனே போர்வையை விரித்துவிட்டார். தோள் வலிக்கிறதே அப்பா என்று நான் கேட்டதற்கு, கணுக்காலுக்குத் தோள் எதுக்கு என்றார்.

நான் வாசித்தேன். படியில் தவறி விழுந்தவர், இடது கணுக்கால் வீங்கியிருக்கிறது, நினைவோடு இருக்கிறார், வேறு காயம் இல்லை. அம்மா வந்தாள், இடம் பாதுகாப்பாக இருக்கிறது என்றாள், கையுறை போட்டுவிட்டேன் என்றாள், அப்பாவிடம் தன்னை அறிமுகம் செய்துகொண்டாள். அப்பா, வணக்கம் மேடம், கால் போச்சு என்றார். அட்டையை வளைத்துக் காலுக்கு அடியில் வைத்து அம்மா கட்டுப் போட ஆரம்பித்தாள். அப்போது அப்பா மெதுவாக, "நெஞ்ச அடைக்கிற மாதிரி இருக்கு" என்றார். அம்மா தலையை நிமிர்த்தவில்லை. கட்டுத் துணியைச் சுற்றிக்கொண்டே, "இன்னிக்குக் கால்தாங்க. நெஞ்சு இல்ல" என்றாள். அப்பா, சரி சரி என்றார். அதற்குப் பிறகு அவர் ஒன்றுமே பேசவில்லை.

அண்ணா, அப்பா பேசாமல் படுத்திருந்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது, காதோரம் வழிந்து போர்வையில் இறங்கியது, உதடு வெளுத்திருந்தது. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? இன்றைக்குத்தான் அப்பா அடக்கமாக, அசலாக நடிக்கிறார் என்று நினைத்தேன். வியர்வையை யாராலும் நடித்துக் காட்ட முடியாது என்பது, எத்தனையோ புத்தகம் படித்த எனக்கு, அந்த நிமிஷத்தில் தோன்றவில்லை. கட்டி முடித்ததும் அம்மா, ரத்த ஓட்டத்தைப் பார்க்கிறேன் என்று சொல்லி அப்பாவின் கால் விரல்களைப் பிடித்தாள். விரல்கள் எப்படி இருக்கின்றன என்று என்னைக் கேட்டாள். நான் புத்தகத்தைப் பார்த்து வாசித்தேன், வெதுவெதுப்பாக இருக்கின்றன, நிறம் இயல்பாக இருக்கிறது. "வெதுவெதுப்பு. நிறம் இயல்பு" என்று அம்மா திருப்பிச் சொன்னாள். அடுத்து அவள், சரி, ரத்த ஓட்டம் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். சொல்லவில்லை. விரல்களை விடவும் இல்லை. நான் மறந்துவிட்டாளோ என்று நினைத்து இன்னொரு தடவை, வெதுவெதுப்பு அம்மா, புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது என்றேன். "புத்தகம் இருக்கட்டும்" என்றாள் அம்மா. அவள் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதே இல்லை. இன்னொரு கையால் வலது காலைத் தொட்டாள், அதுவும் சில்லிட்டு ஈரமாக இருந்தது. அதற்குப் பிறகுதான் நிமிர்ந்து அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். வீட்டுக்குள் வந்ததிலிருந்து அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்தது அப்போதுதான் முதல் தடவை.

பிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. அப்பாவைச் சுவரில் சாய்த்து உட்கார வைத்தாள், ஆஸ்பிரின் மாத்திரையை மென்று விழுங்கச் சொன்னாள், என்னைக் கதவைத் திறந்து வைக்கச் சொன்னாள், போனில் முகவரி சொன்னாள். நம் முகவரியை அவள் யாரோ ஒருவருடைய முகவரிபோலச் சொன்னாள். வந்தது அவள் வேலை பார்க்கும் ஆம்புலன்ஸ் ஸ்டேஷனின் வண்டியே. டிரைவர் நம் சைரன் அண்ணன்தான், சத்தம் போட்டே பேசுவதால் அந்தப் பெயர் என்று உனக்குத் தெரியும். அவர் மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறி வந்தார். அம்மா எழுந்து நின்று, ஆண், ஐம்பத்திரண்டு வயது, நெஞ்சில் அடைப்பு, வியர்வை, கைகால் குளிர்ந்திருக்கிறது என்று வரிசையாகச் சொன்னாள். என் வீட்டுக்காரர் என்று சொல்லவில்லை. எத்தனை நேரமாக என்று சைரன் அண்ணன் கேட்டார். அம்மா போர்வையை அப்பாவின் மேல் இழுத்துவிட்டாள். அப்புறம், "சொன்னாரு. நான்தான் கேக்கல" என்றாள். சைரன் அண்ணன் அன்றைக்கு ஒரு வார்த்தைகூடச் சத்தமாகப் பேசவில்லை. நாற்காலியில் வைத்து அப்பாவை இறக்கும்போது திருப்பத்தில் அப்பாவே, இந்தக் கட்டடத்துக்கு ஒரு லிஃப்ட் போடச் சொல்லி நான் எழுதிக் கொடுத்தேனே என்று முனகினார். அந்த முனகலைப் பிடித்துக்கொண்டுதான் நான் படி இறங்கினேன்.

ஆஸ்பத்திரியில் அவசர சிகிச்சை அறையில் டாக்டர் போர்வையை விலக்கிப் பார்த்துவிட்டு, "நெஞ்சு சரி, கால்ல என்ன அடி" என்று கேட்டார். கணுக்கால் கட்டு அப்படியே இருந்தது, ஒருவரும் கவனிக்கவில்லை. அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சைரன் அண்ணன்தான், "அது பாடம் சார்" என்றார். டாக்டருக்குப் புரியவில்லை, யாரும் விளக்கவும் இல்லை. ஒரு நர்ஸ் கத்தரிக்கோலை எடுத்தார், அம்மா அவரைத் தடுத்துவிட்டு, தானே குனிந்து அந்தக் கட்டை ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்தாள். அதைச் சுருட்டி யூனிஃபார்ம் பாக்கெட்டில் வைத்துக்கொண்டாள். அப்பாவை உள்ளே கொண்டுபோனார்கள். வெளியே பெஞ்சில் நாங்கள் இருவரும் உட்கார்ந்திருந்தபோது, "நீ வெதுவெதுப்புன்னு சொன்னே, எனக்கு வெதுவெதுப்பாவே இருந்துச்சு" என்று என்னிடம் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. ஏதோ ஒரு விந்தையைப் பார்த்துவிட்டு வந்ததுபோலச் சொன்னாள். "விரல் ஐஸா இருக்கிறதத் தொட்டுக்கிட்டே நான் வெதுவெதுப்புன்னு சொன்னேன்." இதை அவள் பலமுறை சொன்னாள். எனக்கு அந்த வார்த்தையை இப்போது எந்தப் புத்தகத்தில் பார்த்தாலும் பக்கத்தைத் திருப்பிவிடுகிறேன்.

அப்பா வீடு திரும்பினார். அம்மா திரும்பவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். வேலைக்குப் போகிறாள், வருகிறாள், சமைக்கிறாள், ஆனால் வீட்டுக்குள் நுழைந்தவுடன் நேரே போய் அப்பாவின் கால் விரல்களைத் தொட்டுவிட்டுத்தான் பையை வைக்கிறாள். அப்பா தூங்கினாலும் விடுவதில்லை, அவர் கனவில் யாரோ காலை இழுக்கிறார்கள் என்று அலறி எழுந்திருக்கிறார். அந்த வாரப் பரீட்சைக்கு அவள் போகவில்லை. நிலைமையைக் கேட்டுவிட்டு அடுத்த தொகுதியோடு வந்து எழுதலாம் என்று பள்ளியில் சொன்னார்கள். அதற்கும் போகப்போவதில்லை என்று சொல்லி, புத்தகப் பையை அலமாரி மேலே தூக்கிப் போட்டுவிட்டாள். நான் ஏன் என்று கேட்டேன். "வண்டியில போனா முகத்தப் பாக்கணும். பள்ளிக்கூடத்துல தாளப் பாக்கணும். ரெண்டு பக்கமும் ஓடி ஓடி எனக்கு எது எதுன்னு தெரியாமப் போச்சு. கட்டினவ கண்ணுக்கே தெரியலன்னா, ஊரார் உயிர என் கையில எப்படிக் குடுப்பாங்க" என்றாள். அந்த அடுத்த தொகுதிப் பரீட்சை நாளைக் காலை.

சைரன் அண்ணன் நேற்றுச் சாயங்காலம் அப்பாவைப் பார்க்க வந்தார். குரல் பழையபடி திரும்பியிருக்கிறது, கீழ் வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். "மாமா, அக்காவோட ட்யூட்டி பாக்க முடியல. கால்ல முள்ளு குத்தினவன் நெஞ்சுலகூடக் கை வைக்குது. ஒருத்தன் பயந்துபோய் எனக்கு முள்ளே குத்தலன்னு எழுந்து ஓடிட்டான்" என்றார். அப்பா சிரித்தார், சிரித்தால் நெஞ்சு குலுங்குகிறது என்று அம்மா அதட்டினாள். பிறகு சைரன் அண்ணன் அம்மாவைப் பார்த்து, நாளைக்கு உன் ஷிஃப்டுக்கு ஆள் பேசி வைத்தாயிற்று, நீ பரீட்சைக்குப் போ என்றார். "யாரக் கேட்டுப் பேசின" என்று அம்மா கேட்டாள். "யாரையும் கேக்கல. நீ போகலன்னா அந்த ஆளு சும்மா வந்து உட்கார்ந்திருப்பான், எனக்கென்ன" என்று சொல்லிவிட்டுக் காபியைக் குடிக்காமலே இறங்கிப் போய்விட்டார். அம்மா அந்தக் காபியை எடுத்துப் போய்க் கொட்டினாள். பையை எடுக்கவில்லை.

இனி எழுதுவது இன்று மதியம் நடந்தது. அம்மா ட்யூட்டி முடிந்து வந்தாள், அப்பாவின் விரல்களைத் தொட்டாள். அப்பா காலை இழுத்துக்கொள்ளவில்லை, இன்னும் கொஞ்சம் நீட்டினார். "பாதியில நிக்குதே அந்தக் கதை. முடி" என்றார். அம்மா, விளையாடாதீங்க என்றாள். விளையாடவில்லை, எனக்குக் கணுக்கால் உடைந்து ஒரு மாதமாகிறது, கட்டின கட்டையும் அவிழ்த்தாயிற்று என்றார். அம்மா எழுந்து போகப் பார்த்தாள். அப்பா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "நீ சொன்ன உடனே நான் ஏன் வாய மூடினேன்னு நெனைக்கிற? நீ அதட்டினதாலயா? நானே வாயுன்னுதான் நெனச்சேன். உனக்கு அந்தக் கட்டு கை வரணுமேன்னு இருந்தேன். எனக்கே தெரியாதத உன் கை கண்டுபிடிச்சுது." அம்மா உடனே, "லேட்டாக் கண்டுபிடிச்சுது" என்றாள். "ஆமா, லேட்டுதான். நான் இல்லன்னு சொல்லல" என்றார் அப்பா. அப்பா இல்லை என்று சொல்லியிருந்தால் அம்மா எழுந்து போயிருப்பாள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆமாம் என்றதும் அவள் அப்படியே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு யூனிஃபார்ம் பாக்கெட்டில் கையை விட்டாள். அந்தக் கட்டுத் துணி ஒரு மாதமாக அங்கேயே இருந்திருக்கிறது அண்ணா, துவைக்கும்போதெல்லாம் எடுத்து வைத்து மறுபடி போட்டுக்கொண்டிருக்கிறாள்.

நான் ஓடிப்போய் நாற்காலி போட்டு அலமாரி மேலிருந்து பையை இறக்கினேன். புத்தகத்தைத் திறந்தபோது அம்மா, "கால எங்க கட்டணும்னு மட்டும் பாரு. விரல் எப்படியிருக்குன்னு நீ சொல்லாத" என்றாள். நாளைக்குப் பரிசோதகர் சொல்வாரே அம்மா என்றேன். "அவர் சொல்லட்டும், கேட்டுக்கிறேன். ஆனா நான் தொட்டுப் பாத்ததையும் வாய்விட்டுச் சொல்லுவேன். மார்க் கொறைச்சா கொறைச்சுக்கட்டும்" என்றாள். கட்டினாள். இந்தத் தடவை ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டாள், அதனால் கட்டு கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது. விரல்களைத் தொட்டாள். "வெதுவெதுப்பு" என்று அவளே சொன்னாள். நானும் போய்த் தொட்டுப் பார்த்தேன், உண்மைதான். கதை அத்தோடு முடிய வேண்டும். ஆனால் அம்மா எழுந்திருக்கவில்லை. அப்பாவின் காலை மடியில் வைத்துக்கொண்டு, "இப்ப கதையில இல்லாததச் சொல்லுங்க" என்றாள்.

அப்பா முதலில் கேலியாகத்தான் ஆரம்பித்தார். தலையணை கல்லுபோல இருக்கிறது, மாத்திரை கசக்கிறது, டீச்சரம்மா சிடுமூஞ்சித்தனமாக வாசிக்கிறாள் என்றார். அம்மா, அப்புறம் என்றாள். தோள் இன்னும் ஒரு பக்கம் வலிக்கிறது என்றார். அப்புறம் என்றாள். அப்பா கேலியை விட்டுவிட்டார். "வண்டியில ஏத்தினப்ப ரொம்பப் பயந்துட்டேன். உன் முகத்தப் பாத்தேன், நீ என்னைத் தெரியாத ஆள் மாதிரி பாத்த. அதுக்கு அப்புறம் பயம் போயிடுச்சு. இவ வேலை பாக்கிறா, நமக்கு ஒண்ணும் ஆகாதுன்னு தோணிச்சு" என்றார். அம்மா அழுதாள். அன்றைக்கு அழாததை எல்லாம் சேர்த்து அழுதாள். நான் சமையலறைக்குப் போய்ப் பாத்திரம் கழுவுவதுபோலத் தண்ணீரைத் திறந்து விட்டேன். நான் திரும்பி வந்தபோது யூனிஃபார்ம் துவைத்ததா என்று அம்மா என்னைக் கேட்டாள். எந்த யூனிஃபார்ம் என்று கேட்டேன். "பரீட்சைக்குப் போட்டுக்கன்னு பள்ளிக்கூடத்துல குடுத்தது" என்றாள். கேட்டவுடன் நான் இஸ்திரிப் பெட்டியைச் சொருகினேன்.

இனி வீட்டில் ஒரு புதுச் சட்டமும் வந்திருக்கிறது. கதை நடக்கும்போது யாருக்காவது உண்மையிலேயே ஏதாவது என்றால் 'நிஜம்' என்று சொல்ல வேண்டும். சொன்னவுடன் புத்தகத்தை மூட வேண்டும். அப்பா கதை எதுவும் நடக்காமலேயே அதற்குள் மூன்று தடவை சொல்லிவிட்டார், நிஜம் பசிக்குது, நிஜம் கொசு, நிஜம் போர் அடிக்குது என்று. மூன்று தடவையும் அம்மா விழுந்தடித்துக்கொண்டு ஓடி வந்தாள். நாலாவது தடவை சொன்னால் காலை நிஜமாகவே உடைத்துவிடுவேன் என்று சொல்லியிருக்கிறாள்.

இதுவரை எழுதியதை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். நடுவில் எங்கும் நிறுத்தச் சொல்லவில்லை. கடைசியில் தானும் சொல்கிறேன், எழுது என்றாள். அம்மா சொல்வது: ராசா, நீ அங்கிருந்து பதறாதே. அப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன், இப்போது முகத்தைப் பார்த்தே பார்த்துக்கொள்கிறேன். என் மேல் உனக்குக் கோபம் இருந்தால் எழுது, மனதில் வைத்துக்கொள்ளாதே, நல்லவளாகக் காட்டிக்கொள்ள நான் இதை எழுதச் சொல்லவில்லை. நாளை பரீட்சைக்குப் போகிறேன். தேறுவேனா என்று தெரியாது. தேறாவிட்டால் மறுபடி போவேன். நீயும் இயந்திர அறையில் இரண்டு ஷிஃப்ட் சேர்த்துப் பார்க்கிறாய் என்று சொன்னாய், தூக்கம் கண்ணில் நிற்கும்போது மீட்டரை மட்டும் பார்க்காதே, கையை வைத்தும் பார். பக்கத்தில் ஒருவன் ஏதாவது சொன்னால் திரும்பிப் பார்த்துவிட்டு அப்புறம் உன் வேலையைச் செய். நல்லபடியாக இரு, வேளைக்குச் சாப்பிடு.

அப்பா சொல்வது: ஈரமான தளத்தில் அந்தப் பழைய செருப்பைப் போட்டுக்கொண்டு நடக்காதே, நல்ல பூட்ஸ் வாங்கு. அடுத்த துறைமுகத்தில் இறங்கியவுடன் போன் செய், இருமல் என்று இனி யாரும் சொல்ல மாட்டார்கள். உன் உடம்பும் மனசும் உறுதியாக இருக்க வேண்டும், போகிற இடமெல்லாம் உனக்கு நல்ல மனிதர்கள் அமைய வேண்டும், முழுசாகத் திரும்பி வா.

மணி இன்னும் ஆறுகூட ஆகவில்லை, ஆனால் நாளைக் காலைப் பரீட்சைக்காக அம்மா படுத்துவிட்டாள், அப்பாவின் கட்டிலிலேயே, ஒரு கை அவர் காலின் மேல். காகிதத்தை ஜன்னலோரம் கொண்டுபோய் இந்த வரிகளை எழுதுகிறேன். அப்பா கையெழுத்துப் போட வேண்டும் என்று காகிதத்தைக் கேட்கிறார், எழுந்தால் அம்மா விழித்துக்கொள்வாள் என்று படுத்தபடியே வாங்கி, என் புத்தகத்தின் மேல் வைத்துப் போடுகிறார்.

என்றும் உன் நலம் நாடும்,
அப்பா

அண்ணா, அப்பாவின் கையெழுத்து வரியை விட்டு இறங்கிக் கோணலாக இருப்பதைப் பார்த்துப் பயந்துவிடாதே. கை நடுங்கவில்லை, நான் தொட்டுப் பார்த்துவிட்டேன். விளக்கை அணைத்துவிட்டோம், அவ்வளவுதான்.